முற்றம் கூட்டினால் டைமண்ட் கொடுக்கலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பிறகு வந்து வாசிப்பவர்களுக்கும் விளங்கும். கிளிநொச்சிப் பக்கம் வீடு. நீங்கள் ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறீர்கள், பிள்ளைகளோடு அம்மம்மா நிற்கிறா. மகனுக்கு 12 வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் போனும் ஃப்ரீ ஃபயர் என்ற துவக்குச் சண்டை விளையாட்டும்தான். ஒரு வாளி தண்ணீர் அள்ளச் சொன்னாலும் "பிறகு" என்கிறான். லண்டனில் இருக்கிற உங்கள் தம்பி தன் பிள்ளைகளுக்கு ஓர் ஆப் வழியாக வீட்டு வேலைக்குக் காசு போடுகிறாராம். அதேபோல் மருமகனும் முற்றம் கூட்டி, தொட்டிக்குத் தண்ணீர் நிரப்பி, படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் விளையாட்டுக்கு டைமண்ட் (காசு கட்டி வாங்கி விளையாட்டுக்குள் செலவழிக்கிற நாணயம்) போட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார், மகனிடமும் சொல்லிவிட்டார். "இது நல்லதோ, பிள்ளை பழுதாப் போயிடுமோ?" என்பது உங்கள் கேள்வி. இடையில் அரை வரியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: "9 வயது மகளால பிரச்சினை இல்லை, அவள் சொல்லாமலே செய்வாள்."

இதற்குள் இரண்டு கேள்வி கலந்து கிடக்கிறது. பரிசு கொடுத்தால் பிள்ளை வேலை செய்யுமா, செய்தாலும் அதனால் கெட்டுப்போகுமா என்பது ஒன்று. அந்தப் பரிசு போனுக்குள் இருக்கிற பொருளாக இருக்கலாமா என்பது மற்றது. முதலாவதற்கு என் பதில்: ஒரு குறிப்பிட்ட வேலைக்கு, கொஞ்சக் காலத்துக்கு, அளவாக என்றால் கொடுக்கலாம், கெட்டுப்போகாது. இரண்டாவதற்கு: டைமண்ட் வேண்டாம். மகளைப் பற்றிய அந்த அரை வரிக்குத்தான் கனக்க எழுத வேண்டியிருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டப் பாடசாலைகளில் படிப்பித்து, பிறகு உளவளத்துணைப் பயிற்சி எடுத்து, அந்த வேலையிலேயே ஓய்வுபெற்றவள். மருத்துவர் இல்லை; உங்கள் மகனை நேரில் கண்டதும் இல்லை. ஆகவே ஆராய்ச்சி சொல்வதை ஆராய்ச்சி என்றும், நான் வீடுகளில் கண்டதைக் கண்டது என்றும் பிரித்தே சொல்கிறேன். இரண்டுக்கும் ஒரே நிறை கொடுக்க வேண்டாம்.

பரிசு கொடுத்தால் பிள்ளையின் ஆர்வம் செத்துவிடும் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருப்பது 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று பேர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக முன்பள்ளியில் செய்த பரிசோதனை. கலர்ப் பேனையால் கீறுவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள சின்னப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, ஒரு பகுதியினருக்குக் கீறினால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்கு ஒன்றும் சொல்லாமல், கீறி முடிந்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது பகுதியினருக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு கிழமை கழித்து, பரிசுப் பேச்சே இல்லாத சாதாரண நாளில் பேனைகளை வைத்துவிட்டுப் பார்த்தால், முன்கூட்டியே பரிசு பேசப்பட்ட பிள்ளைகள் மற்றவர்கள் கீறியதில் ஏறக்குறைய அரைவாசி நேரம்தான் கீறினார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அந்தக் குறைவு இல்லை. அதாவது, கெடுத்தது சான்றிதழ் அல்ல, "இதைச் செய்தால் அதைத் தருவேன்" என்ற பேரம்.

இதை அப்படியே கொண்டுவந்து முற்றம் கூட்டுவதோடு பொருத்துகிறவர்கள் ஒன்றைத் தவற விடுகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கீறுவது விருப்பம். உங்கள் மகனுக்கு விளக்குமாறு விருப்பமா? இல்லாத ஆர்வம் எப்படிச் சாகும்? 1999இல் டெசி, கோஸ்னர், ரயன் மூவரும் 128 பரிசோதனைகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தபோதும், பரிசால் ஆர்வம் குறைவது பிடித்த வேலைகளில்தான் தெரிந்தது. சலிப்பான வேலைகளில் அந்தப் பாதிப்புத் தெரியவில்லை. அவர்களுக்கு முன்பே, 1994இல், கமரனும் பியர்ஸும் பரிசால் சொல்லுமளவுக்குக் கெடுதல் இல்லை என்று எழுதியிருந்தார்கள். இரண்டு பகுதியும் கன காலம் கட்டுரைகளில் சண்டை பிடித்தன, சில இடங்களில் அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. ஆனால் சலிப்பான வேலைக்குப் பரிசு கொடுத்தால் பிள்ளை உருப்படாது என்பதற்கு இந்த ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள்.

சின்னப் பிள்ளைகள் உள்ள மற்றவர்களுக்காக ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். நடக்கப் பழகின பிள்ளை விளக்குமாற்றைப் பறித்துக்கொண்டு தானும் கூட்ட வரும், குவித்த குப்பையைத் திரும்பப் பரப்பும். அந்த வயதில் உதவுவதே அதற்கு விருப்பமான காரியம். 2008இல் வார்னெக்கன், டொமாசெல்லோ இருவரும் 20 மாதப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். உதவினதுக்கு ஒரு விளையாட்டுப் பொருள் கிடைத்த பிள்ளைகள், பிறகு பரிசில்லாமல் உதவ வேண்டி வந்தபோது குறைவாகவே உதவினார்கள். ஒன்றும் கிடைக்காத பிள்ளைகளும், வாயால் மெச்சப்பட்ட பிள்ளைகளும் தொடர்ந்து உதவினார்கள். ஆகவே மூன்று வயதுப் பிள்ளை கோப்பை கழுவ வந்தால், தண்ணீர் சிந்தினாலும் விடுங்கள். ரொஃபி கொடுத்து அதைக் கூலி வேலையாக்க வேண்டாம்.

இனி உங்கள் தம்பியின் யோசனைக்கு வருவோம். வேலைக்குப் புள்ளி, புள்ளிக்குப் பொருள் என்ற முறை புதிதல்ல. 1960களில் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்து மனநல வைத்தியசாலை ஒன்றில் அயிலனும் அஸ்ரினும் இதை ஒழுங்காக நடத்திக் காட்டினார்கள். பிறகு பாடசாலைகளுக்கும் வீடுகளுக்கும் பரவியது. அது வேலை செய்யும் என்பதில் சந்தேகம் இல்லை. எப்போது வேலை செய்யும் என்பதில்தான் விசயம் இருக்கிறது. பரிசு சின்னதாக இருக்க வேண்டும், வேலை முடிந்த கையோடு வர வேண்டும், வேலையைக் கண்ணால் கண்ட ஆள் கொடுக்க வேண்டும். பரிசை நிறுத்தினால் வேலையும் பெரும்பாலும் குறையும், ஆகவே நிறுத்துவதற்கான வழியைத் தொடங்கும்போதே யோசித்திருக்க வேண்டும்.

உங்கள் தம்பியின் திட்டத்தில் இந்த மூன்றும் இல்லை. லண்டனுக்கும் எங்களுக்கும் கோடையில் நாலரை மணித்தியாலம், குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலம் வித்தியாசம். மகன் பள்ளிக்கூடம் போக முன் ஆறு மணிக்குக் கூட்டினால் அங்கே நடுச்சாமம். மாமா எழும்பி, வேலைக்குப் போய், தேநீர் இடைவேளையில் படத்தைப் பார்த்து டைமண்ட் போடும்போது இங்கே பின்னேரம். அதுக்குள் பெடியன் பத்துத் தரம் போனைத் திறந்து "மாமா பாத்திட்டாரோ" என்று பார்த்திருப்பான். கூட்டினது ஐந்து நிமிடம், போன் பார்த்தது அரை நாள். அவர் சொல்கிற ஆப்கள் அங்குள்ள குடும்பங்களுக்குச் செய்தவை: பிள்ளைக்கென்று ஒரு வங்கி அட்டை, தாய்தகப்பன் அதே வீட்டில் நின்று வேலையைப் பார்த்துச் சரி போடுவார்கள். எட்ட இருந்து நடத்துவதற்கு அவை செய்யப்படவில்லை.

படம் எடுத்து அனுப்புவதைப் பற்றியும் கேளுங்கள். விசுவமடுப் பக்கம் ஒரு வீட்டில் கனடாவில் இருக்கிற பெரியப்பா இதே ஏற்பாட்டைச் செய்திருந்தார். முதல் கிழமை முற்றம் பளிச்சென்று இருந்ததாம். பிறகும் ஒவ்வொரு நாளும் படம் போனது. மார்கழி மழை விட்டுவிட்டுப் பெய்து முற்றம் முழுக்கச் சேறாய்க் கிடந்த ஒரு நாளில், காய்ந்த மண்ணில் விளக்குமாற்றுக் கீறல் வரிவரியாகத் தெரிகிற வடிவான படம் ஒன்று கனடாவுக்குப் போயிருக்கிறது. பெரியப்பாவுக்கு ஊர் மழை நினைவில்லை, காசு போட்டார். பிடிபட்டது தாய் அந்தப் போனில் படங்களைத் தட்டிப் பார்த்தபோதுதான். என்னிடம் வந்து பிள்ளை பொய் சொல்லப் பழகிவிட்டான் என்று அழுதா. நான் அப்படிப் பார்க்கவில்லை. படத்துக்குத்தான் பரிசு என்று பெரியவர்கள் சொன்னார்கள், அவன் படத்தை அனுப்பினான். முற்றம் கூட்டுவதற்குப் பரிசு என்று யாரும் ஒழுங்கு செய்யவில்லையே.

டைமண்ட் ஏன் வேண்டாம் என்கிறேன்? அது ரொஃபி மாதிரித் தின்று முடிகிற பொருள் இல்லை. ஃப்ரீ ஃபயருக்குள் டைமண்டைக் கொடுத்துச் சுழற்றுகிற குலுக்கல்கள் இருக்கின்றன. என்ன விழும் என்று தெரியாது, விரும்பின உடுப்போ துவக்குத் தோற்றமோ விழும்வரை திரும்பத் திரும்பச் சுழற்றத் தோன்றும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் இடைக்கிடை கிடைக்கிற பரிசுதான் ஆளை விடாமல் இழுத்து வைக்கும் என்பது உளவியலில் மிகப் பழைய, உறுதியான கண்டுபிடிப்பு. ஆகவே மகன் தண்ணீர் அள்ளிச் சம்பாதிப்பது குலுக்கலுக்கான சீட்டு. உழைப்புக்குக் கூலி என்ற பாடத்தைப் படிப்பிக்கப் போய், உழைத்ததைச் சூதில் விடுகிற பாடத்தைப் படிப்பித்துவிடுவோம். மாமாவின் அட்டை இலக்கத்தை உங்கள் போனில் பதிந்து வைத்தாலோ அது இன்னொரு வில்லங்கம்; இரவில் யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று மாதக் கடைசியில்தான் தெரியும். மலிவாக டைமண்ட் போட்டுத் தருகிறோம் என்று சொல்லும் ஆட்களிடமும் கவனம். முறையாகப் போடுவதற்கு விளையாட்டு அடையாள இலக்கம் போதும். கடவுச்சொல்லைக் கேட்கிறவன் கணக்கைக் களவெடுக்கத்தான் கேட்கிறான்.

சரி, டைமண்ட் வேண்டாம், வேலை செய்தால் அரை மணித்தியாலம் கூடப் போன் தருகிறேன் என்று சொல்லலாமா? கன வீடுகளில் இதுதான் நடக்கிறது. காசு செலவில்லை, வீட்டிலேயே முடிகிறது, உடனேயும் கிடைக்கிறது. ஆனாலும் எனக்கு இதில் தயக்கம் இருக்கிறது. ஒரு பொருளைப் பரிசாக வைத்தால் பிள்ளைக்கு அந்தப் பொருள் இன்னும் பெரிதாகத் தெரியும். உணவு விசயத்தில் இது 1980இலேயே லீன் பெர்ச்சும் கூட்டாளிகளும் காட்டியது: பரிசாகக் கொடுக்கப்பட்ட தின்பண்டத்தில் முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு விருப்பம் கூடியது. திரை விசயத்தில் ஆதாரம் அவ்வளவு பலமில்லை. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வொன்றில், திரை நேரத்தைப் பரிசாகவும் தண்டனையாகவும் பயன்படுத்தின வீடுகளில் சின்னப் பிள்ளைகள் கூடுதல் நேரம் திரை பார்த்தார்கள். அது ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள், ஆய்வில் சேர்ந்த குடும்பங்களும் கொஞ்சம்தான். அதிகம் பார்க்கிற பிள்ளையோடு மல்லுக்கட்டுகிற தாய்தான் அதைப் பரிசாக்கத் தொடங்கினாவோ என்னவோ, எது முன் எது பின் என்று அதில் பிரிக்க முடியாது. ஆகவே போன் நேரத்தைப் பரிசாக்கினால் பிள்ளை போனுக்கு அடிமையாகிவிடும் என்று நான் எழுதமாட்டேன். ஆனால் எங்கள் பெரும்பாலான வீடுகளில் பிள்ளையின் கண் ஏற்கெனவே போனில்தான் இருக்கிறது. அதன் விலையை நாங்களே இன்னும் ஏற்றிவிடுவதில் என்ன லாபம்?

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. போனை விலையாக வைப்பது வேறு, வரிசையில் பின்னுக்கு வைப்பது வேறு. "தொட்டி நிரப்பினால் அரை மணித்தியாலம், கோப்பை கழுவினால் இன்னொரு அரை மணித்தியாலம்" என்றால் அது விலை. நாளைக்கு அவன் பேரம் பேசுவான், "எனக்கு இண்டைக்குப் போன் வேண்டாம், ஆனபடியால் வேலையும் இல்லை" என்றும் சொல்லுவான். "போன் நேரம் பின்னேரம் ஐந்தரையிலிருந்து ஆறரை வரை, தொட்டி நிரம்பின பிறகுதான் போன் அலுமாரிக்கு வெளியே வரும்" என்றால் அது வரிசை. அந்த நேரம் முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் போகாது. தண்ணீரை ஆறு மணிக்கு நிரப்பினால் மிச்சம் அரை மணித்தியாலம்தான், அது அவன் பாடு. விருப்பமில்லாததை முன்னுக்கும் விருப்பமானதைப் பின்னுக்கும் வைத்தால் முன்னது நடக்கும் என்பதை 1959இல் பிரிமாக் என்ற உளவியலாளர் பரிசோதனையில் காட்டினார். எங்கள் அம்மாமார் "குளிச்சுப்போட்டு வா, சாப்பாடு தாறன்" என்று சொன்னதும் இதுதான்.

இப்போது உங்கள் மகள். முற்றம் கூட்ட அண்ணனுக்கு டைமண்ட் கிடைக்கும். அதே வீட்டில் தேங்காய் திருவி, வெங்காயம் உரித்து, அம்மம்மாவுக்கு மருந்து எடுத்துக் கொடுத்து, இரவு கோப்பை கழுவுகிற ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? நீங்கள் எழுதினபடி, அவள் "பிரச்சினை இல்லை." எங்கள் வீடுகளில் பெடியன் கூட்டினால் உதவி, பெட்டை கூட்டினால் கடமை. அவள் கேட்கமாட்டாள் என்பதற்காகக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறோம். இந்தத் திட்டம் நடந்தால் மூன்றில் ஒன்று நடக்கும் என்பது நான் வீடுகளில் கண்டது. சில பிள்ளைகள் "அப்ப எனக்கு?" என்று கேட்டுத் தாங்களும் விலை பேசுவார்கள், அது நல்ல பிள்ளைத்தனம், பயப்பட வேண்டாம். சில பிள்ளைகள் மெல்ல மெல்லக் கைவிடுவார்கள். மூன்றாவது வகைப் பிள்ளை ஒன்றும் கேட்காமல் தொடர்ந்து செய்யும். எனக்குக் கவலை அந்த மூன்றாவதைப் பற்றித்தான். தன் வேலைக்குப் பெறுமதி இல்லை என்று அது ஒன்பது வயதிலேயே முடிவெடுத்துவிட்டது.

அவள் ஏன் சொல்லாமலே செய்கிறாள் என்று யோசித்துப் பாருங்கள். பிறவிக் குணம் என்று விட்டுவிடாதீர்கள். சமைக்கும்போது அவளைப் பக்கத்தில் இருத்தியிருப்பீர்கள். அம்மம்மா அவளைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டிருப்பா. மகனை யாரும் சேர்க்கவில்லை. "விடு பிள்ளை, அவன் ஆம்பிளைப் பிள்ளை, விளையாடட்டும்" என்று அம்மம்மா சொல்லியிருக்கமாட்டாவா? பார்பரா ரோகோஃபும் கூட்டாளிகளும் மெக்சிக்கோவின் குவாடலஹாரா நகரில், பூர்வகுடிப் பழக்கவழக்கம் உள்ள குடும்பங்களையும் நகரத்துப் படித்த குடும்பங்களையும் ஒப்பிட்டார்கள். முதல் வகை வீடுகளில் பிள்ளைகளைச் சிறுவயதிலிருந்தே பெரியவர்களோடு சேர்ந்து செய்ய விட்டிருந்தார்கள். பிள்ளைகள் தாங்களாகவே பார்த்துச் செய்தார்கள். இரண்டாம் வகை வீடுகளில் வேலையைப் பங்கு பிரித்து, செய்தால் இன்னது என்று பேசியிருந்தார்கள். அங்கே பிள்ளைகளின் சொந்த முயற்சி குறைவு. சிறிய ஆய்வுதான், எங்கள் ஊரும் மெக்சிக்கோவும் ஒன்றல்ல. ஆனால் உங்கள் ஒரே வீட்டுக்குள்ளேயே இரண்டு வகையும் இருக்கின்றன. மகள் முதல் வகையில் வளர்ந்திருக்கிறாள், மகனை இரண்டாவதில் சேர்க்கப் பார்க்கிறீர்கள்.

வன்னித் தாய்தகப்பனிடம் நான் திரும்பத் திரும்பக் கண்ட இன்னொன்றும் இருக்கிறது. இது ஆய்வு அல்ல, என் அனுபவம். இன்றைக்கு முப்பது நாற்பது வயதில் இருக்கிறவர்கள் 2008, 2009இல் இடம்பெயர்ந்து, மெனிக் பாம் முகாமில் தண்ணீர்க் கலனோடு வரிசையில் நின்றவர்கள். மீள்குடியேறி வந்த பிறகு தகரக் கொட்டிலில் இருந்துகொண்டு காடு வெட்டிக் கிணறு இறைத்தவர்கள். "நான் பட்டது என்ர பிள்ளை படக்கூடாது" என்று மனதுக்குள் ஒரு சத்தியம் வைத்திருப்பார்கள். அதனால் பிள்ளைக்குப் பத்து வயது வரை ஒரு வேலையும் சொல்வதில்லை. பிறகு ஒரு நாள் வேலைக்குப் போய்க் களைத்து வந்து, நிரம்பாத தொட்டியையும் போனோடு படுத்திருக்கிற பிள்ளையையும் கண்டு வெடிப்பார்கள். பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. நேற்றுவரை தன்னுடையதாக இல்லாத வேலை இன்றைக்கு ஏன் ஏச்சோடு வருகிறது? ஒரு வாளி தண்ணீர் அள்ளுவது பிள்ளையை வதைப்பது ஆகாது, தங்கச்சி. அதை மகனிடம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

என்ன செய்யலாம் என்றால், முதலில் வேலைகளை இரண்டாகப் பிரியுங்கள். சாப்பிட்ட கோப்பை கழுவுவது, பாய் சுருட்டுவது, தன் உடுப்புத் தோய்ப்பது, தொட்டிக்குத் தண்ணீர் நிரப்புவது எல்லாம் வீட்டில் இருக்கிற ஆள் செய்கிற வேலை. யாருக்கும் காசு இல்லை, பெடியன் பெட்டை என்ற வித்தியாசமும் இல்லை. வளவுக்குள் பற்றை வெட்டுவது, கச்சான் ஆய்வது போன்று ஆள் பிடித்தால் நீங்கள் கூலி கொடுக்கக்கூடிய வேலைகள் வேறு. அவற்றுக்கு இரண்டு பிள்ளைக்கும் கையில் காசாகக் கொடுக்கலாம். காசை எண்ணி, சேர்த்து, மறந்துபோய், தொலைத்துப் பழகுவது போனுக்குள் ஏறுகிற இலக்கத்தில் வராது. வேலை வயதுக்கேற்றதாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லத் தேவையில்லை: கட்டில்லாத கிணற்றில் ஒன்பது வயதுப் பிள்ளையைத் தனிய அள்ள விடக்கூடாது. விறகுக்குக் காட்டோரம் போவதென்றால், சிவப்பு மிதிவெடிப் பலகை இன்னும் நிற்கிற பகுதிகளுக்குப் பெரியவர்களும் போகக்கூடாது.

இரண்டாவது, துண்டு துண்டாக வேலை ஏவாமல் ஒரு பொறுப்பை முழுசாகக் கொடுங்கள். "அதை எடு, இதை வை" என்று நாளைக்கு இருபது தரம் கூப்பிட்டால் எந்தப் பன்னிரண்டு வயதும் "பிறகு" என்றுதான் சொல்லும். முள்ளியவளைப் பக்கம் ஒரு வீட்டில் பெடியனுக்கு ஊர்க்கோழிகளை முழுசாக ஒப்படைத்தார்கள்: தீன் வைப்பது, தண்ணீர் மாற்றுவது, முட்டை பொறுக்குவது, பொழுதுபட எண்ணிக் கூட்டில் அடைப்பது, வீட்டுத் தேவைக்குப் போக மிச்ச முட்டையை விற்பது. முதல் கிழமைகளில் ஒரு நாள் கூட்டுக் கதவை நாதாங்கி போடாமல் விட்டுவிட்டான். கீரி வந்து குஞ்சுகளைக் கொண்டுபோய்விட்டது. யாரும் ஏசவில்லை, தகப்பன் அப்படிச் சொல்லி வைத்திருந்தார். பிறகு நான் அந்த வீட்டுக்குப் போன ஒரு பின்னேரம், பெடியன் விளையாட்டு நடுவில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பி ஓடினான். கூட்டாளிகள் போனுக்குள் கத்துகிறார்கள். இவன் முற்றத்தில் நின்று "பா, பா" என்று கூப்பிட்டு, ஒரு பேடு குறைகிறது என்று பக்கத்து வளவு வேலிக்குள் குனிந்து தேடுகிறான். டைமண்ட் போட்டு அவனை அப்படி எழுப்ப முடியாது என்று நினைக்கிறேன். எல்லாப் பிள்ளைக்கும் கோழி சரிவராது. சிலருக்கு மிளகாய்க் கன்றுகள், சிலருக்கு சைக்கிள், சிலருக்கு ஞாயிற்றுக்கிழமைச் சமையல். உங்கள் மகளுக்கும் இப்படி ஒன்று கொடுங்கள், குசினிக்கு வெளியே.

இவ்வளவும் சொல்லியும் மகன் முதல் கிழமை அசையாமல் இருக்கலாம். அப்போது தொடக்கத்துக்குப் புள்ளி முறை பிடிக்கலாம், அதில் பிழை இல்லை. ஒரே ஒரு வேலை, தொட்டி என்று வையுங்கள். கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் அவனே கட்டம் கீறட்டும்; நிரப்பின உடனே அம்மம்மா பார்த்து அடையாளம் போடட்டும். அம்மம்மாவை முதலில் உங்கள் பக்கம் எடுக்க வேண்டும். அவ ரகசியமாக நிரப்பிக் கொடுத்தால் எல்லாம் போச்சு. கிழமைக்கு ஐந்து அடையாளம் வந்தால் சனிக்கிழமை இரவுச் சாப்பாடு என்ன என்று அவன் சொல்லலாம், அல்லது ஞாயிறு பின்னேரம் கூட்டாளியோடு இரணைமடுக் குளக்கட்டுக்குப் போய்வரலாம். மூன்று நாலு கிழமையோடு இது முடியும் என்று தொடங்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். கடைசிக் கிழமைகளில் நாளுக்கு நாள் அடையாளம் போடாமல் கிழமைக்கு ஒரு தரம் பார்த்தால் போதும். நாள் தவறினால் போட்ட அடையாளத்தை அழிக்க வேண்டாம். உழைத்துப் பெற்றதைப் பறித்தால் பிள்ளை அந்தத் தாளையே கிழிக்கும். மகளுக்கும் ஒரு தாள் வேண்டும், அவள் ஏற்கெனவே செய்வதை அதில் முதலில் எழுதுங்கள்.

போனைக் கட்டுப்படுத்துவது வேலைப் பிரச்சினையோடு கலக்காமல் தனியாகச் செய்ய வேண்டியது. மகனுக்கென்று தனிப் போனும் தனிக் கூகிள் கணக்கும் இருந்தால் கூகிளின் ஃபேமிலி லிங்க் மூலம் நாளுக்கு இவ்வளவு நேரம், இரவு இத்தனை மணிக்குப் பூட்டு, வாங்குவதற்கு உங்கள் அனுமதி என்று ஒழுங்கு செய்யலாம். தொழிற்சாலையில் நின்றும் உங்கள் போனிலேயே பார்க்கலாம். அம்மம்மாவின் போனையோ உங்கள் பழைய போனையோதான் எல்லாரும் பாவிக்கிறீர்கள் என்றால் அது சரிவராது. அப்போது அலுமாரித் திறப்பும், சுவர் மணிக்கூடும், மாதப் பொதிக்குப் பதிலாகச் சின்னச் சின்ன டேட்டாவும்தான். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு தரம் வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றிவிடுங்கள்.

பன்னிரண்டு வயதுப் பெடியன் வேலைக்குக் கள்ளமடித்துக்கொண்டு விளையாடுவது நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022இலிருந்து நடைமுறையில் இருக்கிற நோய்ப் பட்டியலில் விளையாட்டு சார்ந்த ஒரு கோளாறு இருக்கிறது. ஆனால் அதற்குக் கட்டுப்பாடு இழப்பு, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டு, கெடுதல் வந்த பிறகும் நிறுத்த முடியாமை என்று வழமையாக ஒரு வருடமளவுக்கு நீடிக்க வேண்டும். அவன் பள்ளிக்கூடம் போக மறுக்கிறான், நித்திரை இல்லை, போனை வாங்கினால் அடிக்க வருகிறான் அல்லது தன்னையே காயப்படுத்துகிறான் என்றால் என் பதிலோடு நிற்காமல் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கும் அழைக்கலாம். நீங்கள் எழுதியதில் அப்படி ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

தம்பியின் மனதை நோகடிக்க வேண்டாம், அவர் எட்ட நின்று ஏதாவது செய்யத்தான் பார்க்கிறார். அனுப்ப நினைக்கிற காசை இரண்டு பிள்ளைக்கும் பெயருக்கொரு சிறுவர் சேமிப்புக் கணக்கில், வேலையோடு முடிச்சுப் போடாமல், பிறந்தநாளுக்கோ பொங்கலுக்கோ போடச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் வந்து மருமகனிடம் கோழியைக் காட்டு, மருமகளிடம் கன்றைக் காட்டு என்று கேட்கச் சொல்லுங்கள். மகனுக்கு ஏற்கெனவே கொடுத்த வாக்கை மட்டும் முறிக்க வேண்டாம். இந்தக் கிழமை அவன் கூட்டினதற்குச் சொன்ன டைமண்டை ஒரு தரம் போட்டுவிடட்டும். மகளுக்கு அதே பெறுமதிக்கு அவள் கேட்கிற ஒன்றை வாங்கிக் கொடுங்கள். ஏற்பாடு இத்தோடு மாறுகிறது என்று மாமாவே தன் வாயால் அவனிடம் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் அம்மா கெடுத்துவிட்டா என்றுதான் அவன் நினைப்பான்.